ஏக்கரை விடுங்கள், கிணற்றை அளந்து பாருங்கள்

கேள்வி:

போன ஆவணியில் மட்டக்களப்பு டவுனில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, வெல்லாவெளிப் பக்கத்தில் இருக்கிற மாமியின் வளவுக்கு வந்துவிட்டோம். இரண்டரை ஏக்கர் மேட்டுநிலம். பழைய மா, பலா, சில தென்னை நிற்கின்றன, மிச்சம் பற்றை. என் வீட்டுக்காரருக்கு டவுனில் ஒரு கடையில் கணக்கு வேலை. விடிய ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவார். மாரி முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தது. பசு கன்று போட்டது. மூன்று கோழி அடையில் இருக்கிறது. அவர் 60 தென்னம்பிள்ளையும் 100 வாழைக்குட்டியும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கால் ஏக்கரில் மரக்கறித் தோட்டமும் போட வேண்டுமாம். காணி சும்மா கிடந்தால் ஊர் சிரிக்குமாம். மாமியோ "மழை வரும்வரைக்கும் மண்ணைக் கிண்டாதே" என்கிறா. நடுவில் வாளி தூக்குவது நான். கிணறு பத்தடி அகலம், பழைய கிணறு, கட்டு ஒரு பக்கம் இடிந்திருக்கிறது. விடிய ஆறடித் தண்ணீர் இருந்தது. அவர் பம்ப் போட்டு இறைத்த பிறகு மூன்றடி. அடுத்த நாள் விடிய ஐந்தடி. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. பிள்ளைகளைத் தோட்ட வேலையில் சேர்க்கலாமா? எதிலிருந்து தொடங்குவது? இரண்டு பேரில் யார் சொல்வது சரி? இன்னொன்று: அடைக்கோழி ஒன்று பாதியில் எழும்பிவிட்டது. அந்த முட்டைகளை என்ன செய்வது?

— படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

தங்கச்சி, மாமியா வீட்டுக்காரரா சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலாது. சொல்லிவிட்டு நான் போய்விடுவேன், அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள். ஆனால் போகிற போக்கில் கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிகளில் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி விடை இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் பார்ப்போம். உங்கள் வீட்டுக்காரர் கணக்கு வேலை செய்கிறவர் என்பதால் அவருக்கும் இது பிடிக்கும்.

பத்தடி அகலக் கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்பது ஏறக்குறைய 2,200 லீற்றர். இரவில் இரண்டடி ஊறுகிறது என்றால் உங்கள் கிணறு ஒரு நாளைக்குத் தருவது 4,400 லீற்றர். அவர் இறைத்தது மூன்றடி, அதாவது 6,600 லீற்றர். ஊறுவதைவிட இறைப்பது கூட. ஆறடி இருந்த கிணறு அடுத்த நாள் ஐந்தடிக்கு வந்தது அதனால்தான். நாள்தோறும் இப்படி இறைத்தால் சித்திரை வருஷத்துக்குக் கைகால் கழுவவும் தண்ணீர் இருக்காது.

இனிச் செலவு. வீட்டில் ஐந்து பேர், குளிப்பு, துவைப்பு எல்லாம் சேர்த்து 500 லீற்றர் என்று வைப்போம். பசு, கன்று, கோழிகளுக்கு 100. வெய்யில் காலத்தில் மரக்கறிப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்குச் சுமார் 5 லீற்றர் குடிக்கும். ஒரு பேர்ச் (ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) என்றால் 125 லீற்றர். கால் ஏக்கர் 40 பேர்ச், ஆகவே 5,000 லீற்றர். வாழை ஒன்றுக்கு 15 லீற்றர் வைத்தாலும் நூறு வாழைக்கு 1,500. தென்னம்பிள்ளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லீற்றர் என்றால் அறுபதுக்கும் சராசரியாக நாளுக்கு 600. கூட்டிப் பாருங்கள், 7,700 லீற்றர். கிணறு தருவது 4,400. அதுவும் இது மாசிக் கணக்கு, கிணறு நிறைந்திருக்கிற நேரம்.

ஆடியில் இந்தக் கிணறு எப்படி இருக்கும் என்று மாமியிடம் கேளுங்கள். எத்தனை கோடை அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பா! "மண்ணைக் கிண்டாதே" என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது அந்த அனுபவம்தான் என்று நினைக்கிறேன். நமக்கு வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி சித்திரையில் இடி முழக்கத்தோடு ஒன்றிரண்டு மழை பெய்யும், அதை நம்பிப் பயிர் வைக்க முடியாது. வைகாசி கடந்தால் கச்சான் காற்று. விடிய ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும் காற்று அது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று யூடியூபில் சொல்வார்கள். அது தமிழ்நாட்டுக்காரருக்குச் சரி, ஆடியில் அங்கே பல இடங்களில் மழை கிடைக்கும், நமக்கு அப்போது கச்சான் காற்றுத்தான். ஆடியில் படுவான்கரை மேட்டுநிலத்தில் விதையைத் தேடுவதைவிட நிழலைத் தேடுவது நல்லது. உங்கள் வீட்டுக்காரர் எந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வாழைக்குட்டி வாங்கினார் என்று மெதுவாக விசாரியுங்கள்.

ஆடியில் ஊற்று பாதியாகும் என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 2,200 லீற்றர். வீடும் மாடும் போக 1,600. இதற்குள் அடங்குகிற தோட்டம் 10 பேர்ச். அதற்கு 1,250 போனால், மிச்சம் 350 நாற்றுகளுக்கும் கைத்தவறாக ஊற்றுவதற்கும். பத்துப் பேர்ச் என்பது அம்பதடிக்கு அம்பதடியைவிடக் கொஞ்சம் கூட. இரண்டரை ஏக்கரில் அது நாற்பதில் ஒரு பங்கு. ஊர் சிரிக்குமோ என்று அவர் யோசிப்பார். சித்திரையில் கால் ஏக்கர் வெண்டி கருகி நிற்கிறதைப் பார்த்தும் ஊர் சிரிக்கும்தானே?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது உங்கள் தோளுக்கு. பத்து லீற்றர் வாளியில் ஒரு பேர்ச்சுக்குப் பன்னிரண்டு வாளிக்கு மேல். பத்துப் பேர்ச்சுக்கு நூற்றிருபதுக்கு மேல். ஒரு ஆளால் நாள்தோறும் முடிகிற காரியமா இது? வாளியால்தான் என்றால் இரண்டு, மூன்று பேர்ச்சோடு நிறுத்துங்கள். பத்துப் பேர்ச் வேண்டுமென்றால் பம்பும் ஹோஸும் போட்டு ஊற்றுகிற ஏற்பாடு முதலில் இருக்க வேண்டும். பம்ப் போட்டாலும் கிணற்றின் அடி தெரிய இறைக்காதீர்கள். இரண்டடியாவது விட்டுவைக்க வேண்டும். வாவி ஓரத்துக் கிணறுகளில் அளவுமீறி இறைத்தால் உவர் ஏறும். ஒருமுறை ஏறினால் பெருமழை வந்து கழுவும்வரை மரக்கறி முகம் கொடுக்காது.

சரி, அந்தப் பத்துப் பேர்ச்சை எங்கே, எப்படி?

கிணற்றுக்குக் கிட்ட, பின்னேர வெய்யில் மாவோ பலாவோ மறைக்கிற பக்கமாகப் பாருங்கள். மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், வேர் தண்ணீரைப் பறித்துவிடும். மாரியில் பாத்தியை மேடாகப் போடுவோம். கோடையில் அது தலைகீழ்: பாத்தி நடைபாதையைவிட அரையடி பள்ளமாக இருக்க வேண்டும், சுற்றிவர ஒரு சின்ன வரம்பு. மூன்றடி அகலம் போதும், இரு பக்கமும் குந்தியிருந்து கை எட்டும். மக்கிய மாட்டெரு போட்டுக் கிளறி, முதல் நாள் பின்னேரம் நிறையத் தண்ணீர் விட்டு, அடுத்த நாள் நடுங்கள். மறுகா வைக்கோல். இதுதான் முக்கியம். நெல்லைச் சூடு அடித்து முடிந்து வட்டையில் (வயல்வெளியில்) வைக்கோலை எரிக்கிறார்களே, அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கேட்டால் சும்மா தருவார்கள். ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி நிறைய ஏற்றி வாருங்கள். பாதி பசுவுக்கு, பாதி பாத்திக்கு. நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், ஆனால் செடியின் தண்டில் முட்டாமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள்; முட்டினால் கறையான் ஏறும். அடுத்த நாள் விடிய வைக்கோலை விலக்கி இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈர மண் ஒட்டினால் அன்று தண்ணீர் தேவையில்லை. இப்படி எத்தனை வாளி மிஞ்சுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கீரையும் வெண்டியும் பயற்றையும் முதலில். பங்குனித் தொடக்கத்தில் கீரை தூவினால் சித்திரைப் பிறப்புக்கு முன்னமே பிடுங்கிச் சுண்டலாம். வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கும். கத்தரி, கொச்சிக்காய் இரண்டையும் வீட்டுத் தேவைக்குப் பத்துப் பதினைந்து செடியோடு நிறுத்துங்கள். தக்காளி இந்தச் சூட்டில் பூவை உதிர்க்கும், விட்டுவிடுங்கள். சோளன், மரவள்ளி எல்லாம் மழையோடு பார்க்கலாம்.

வாழைக்குட்டி நூறில் எட்டோ பத்தோ வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் அவற்றை நட்டால் அதற்கென்று ஒரு வாளிகூடத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. மற்றவற்றைக் குளத்து வாய்க்கால் பாய்கிற காணிக்காரர் யாருக்காவது கொடுங்கள். மழைக்குக் குட்டி திருப்பித் தருவார்கள். வாழை அப்படிப்பட்ட கடன்தான்.

தென்னம்பிள்ளை விஷயத்தில் மாமி சொல்வதே சரி. நம் பக்கத்தில் தென்னை நடுகிற காலம் பெருமழைத் தொடக்கம். இப்போது மண்ணில் வைத்தால் பாதி கறையானுக்கும் பாதி கச்சான் காற்றுக்கும் போகும். அறுபதையும் மாமர நிழலில் நெருக்கமாக அடுக்குங்கள். பை சிறிது என்றால் பழைய உரப்பையை வெட்டி, எருவும் மண்ணும் கலந்து அதற்கு மாற்றுங்கள். பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் என்றால் எல்லாவற்றுக்கும் 120 லீற்றரோடு சரி. முதல் மழை மண்ணை இளக்கிய பிறகு மூன்றடி நீள அகல ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் இரண்டு அடுக்குப் பொச்சுமட்டை (தேங்காய் உரித்த மட்டை), குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண் நிரப்பி நடலாம். இடைவெளி 26 அடி. ஏக்கருக்கு 64 பிள்ளை பிடிக்கும், உங்களிடம் இருப்பது ஒரு ஏக்கருக்குப் போதும். நட்ட பிறகு அடுத்த கோடைக்கு அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபதையும் ஒரே வருஷத்தில் நடாமல் முப்பது முப்பதாகப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பொச்சுமட்டையை இப்போதிருந்தே சேர்த்து வைக்கலாம். காணி சும்மா இருக்கிறதே என்று மனம் கேட்காதவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அது நல்ல வேலை. பற்றை வெட்டுவது, வேலி அடைப்பது, வேலிக்குக் கிளிசரிடியாத் தடிகளை எங்கே நடலாம் என்று குறித்து வைப்பது, இதற்கெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த இடிந்த கிணற்றுக் கட்டு. கையில் இருக்கிற முதல் காசு கோழிக்கூட்டுக்கும் இல்லை, விதைக்கும் இல்லை, அதற்குத்தான். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வளவு. கட்டு மகளின் நெஞ்சுக்கு மேலே வர வேண்டும், மேலே கம்பி வலை போட்டு வாளி இறங்குகிற அளவுக்கு ஒரு கதவு வையுங்கள். கொத்தன் வர ஒரு கிழமை சுணங்குமென்றால் அதுவரை இடிந்த பக்கத்தை முள்ளுக்கம்பியாலோ தட்டியாலோ அடையுங்கள். இதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய்யச் சொல்கிறேன்.

பிள்ளைகளை வேலையில் சேர்க்கலாமா என்றால், தாராளமாக, கிணறு, கத்தி, மாட்டுக் கயிறு, மருந்துப் போத்தல் நாலும் அவர்கள் கையில் படாதவரை. மகள் முட்டை பொறுக்கட்டும். மகனுக்கு ஒரு பாத்தியை அவன் பேரில் கொடுங்கள், எதை நடுவதென்று அவனே சொல்லட்டும். அவன் பயற்றை நட்டு மறந்து காயவிட்டால் ஏசாதீர்கள், அடுத்த முறை நினைவிருக்கும். பாடசாலை நாளில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கிணற்றை அளக்கிற வேலையை அவனுக்கும் தகப்பனுக்கும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்: கல்லுக் கட்டிய ஒரு கயிறு, அடிக்கொரு முடிச்சு, சுவரில் ஒரு பழைய கலண்டர். ஞாயிறு விடிய அப்பா கயிற்றை விடட்டும், மகன் எண்ணி எழுதட்டும். ஆவணிக்குள் அந்தக் கலண்டர்தான் உங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத ஆள் ஆகிவிடும்.

பசுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கன்று போட்டு நாளாகாத பசுவுக்கு நாளைக்கு 40 முதல் 60 லீற்றர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் அன்று பின்னேரமே பால் குறையும். நாட்டுப் பசு என்றால் கன்றுக்கு விட்டது போக ஒரு போத்தல், ஒன்றரைப் போத்தல் கிடைத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இழுத்தால் கன்று மெலியும். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று மாமியிடம் கேட்டு, இல்லையென்றால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்; கோழிகளுக்கு ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்) தடுப்பு மருந்தையும் அங்கேயே கேட்கலாம். சிறுபோக விதைப்புத் தொடங்கினால் மாடு கயிற்றில்தான் நிற்க வேண்டும். மாடுகளை வட்டையிலிருந்து எப்போது அகற்றுவது என்பதை விவசாயிகளின் போகக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்தத் தேதியைத் தெரிந்து வைத்திருங்கள், அடுத்தவன் வயலுக்குள் மாடு இறங்கி வருகிற சண்டை குடும்பத்துக்கு ஆகாது.

மாரி நெல்லை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தால் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுணங்காமல் விற்றுவிடுங்கள். நெல் வாசம் யானையைச் சுவருக்கே கூட்டிவரும் என்று உங்கள் பகுதியில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை கிடக்கிற அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். வெக்கைக்கு நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிற மாதங்கள் இவை. கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் அப்படித் தூங்குகிறவர்களைத்தான், கடித்த இடம் நோகவும் நோகாது. விடியும்போது யாராவது வயிற்று வலி என்றோ கண் இமை தூக்க முடியவில்லை என்றோ சொன்னால் கைமருந்து தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிலில் படுத்து, நுளம்பு வலையைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் தீரும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. கடிதத்தில் வாங்கியது எல்லாம் "அவர்", ஊற்றுவது எல்லாம் "நான்" என்று இருக்கிறது. விவசாயப் போதனாசிரியராக நான் பார்த்த பல வளவுகளில் தோட்டம் அழிவது பூச்சியால் அல்ல, இந்தக் கணக்கால்தான். ஒரு ஒழுங்கு வையுங்கள்: புதிதாக ஒரு செடி வளவுக்குள் வந்தால் முதல் மாதம் கொண்டுவந்தவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் விடிய ஐந்துக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் ஹோஸைப் பிடிக்கட்டும், வெய்யிலுக்கு முன்னம் ஊற்றுவது செடிக்கும் நல்லது. நாலைந்து நாளில் நூறு வாழை ஏன் கூடாதென்று அவருக்கே விளங்கும். நீங்கள் பத்தரைக்குப் பிறகு மூன்றரை வரை வெளிவேலை எதுவும் செய்யாதீர்கள். மாமியிடம் சண்டைக்கு நிற்பதைவிட நாற்று மேடையையும் கோழியையும் அவ பொறுப்பில் விட்டுவிடுங்கள். உங்களைவிட நன்றாகப் பார்ப்பா. அவவுக்கும் மனம் ஆறும்.

அடையிலிருந்து எழும்பிய கோழியின் முட்டைகளை எறிந்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் தனியே கிடந்தாலும் பெரும்பாலும் கெடாது. இரவில் இருட்டறையில் ஒவ்வொன்றாக டோர்ச் லைற்றில் பிடித்துப் பாருங்கள். ஒரு கிழமை அடைகாத்த முட்டை என்றால் உள்ளே சிவப்பு நரம்புகள் வலைபோல ஓடும். நரம்பு ஒன்றும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை. நரம்பு ஓடுகிறவற்றை மற்ற இரண்டு கோழிகளுக்குக் கீழே பிரித்து வையுங்கள். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். புதிதாக வைத்த முட்டையில் பென்சிலால் ஒரு கீறு போட்டுவிடுங்கள், அது பொரிக்கிற நாள் வேறாக இருக்கும். வைப்பதும் இரவிலேயே செய்யுங்கள். பகலில் கையை விட்டால் கொத்தும்.